பிலிப்பினோ பணிப்பெண்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு இருந்தால் எழுதுங்கள்

கத்தரிவெயில் (ஹாங்காங்):

ஞாயிற்றுக்கிழமை இங்கே சென்ட்ரல் (நகரின் வணிக மையம்) பக்கம் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேட்டர் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். எச்எஸ்பிசி வங்கிக் கட்டடத்துக்கு அடியில், நடைபாலத்தில், எங்கே பார்த்தாலும் பிலிப்பினோ பணிப்பெண்கள் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் எதிர் வீட்டில் வேலை செய்யும் அக்காவை அங்கே பார்த்தேன். லிஃப்டில் தலையைக் குனிந்தபடி "குட் மார்னிங் சார்" என்பதோடு சரி, இரண்டு வருடத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு தோழி கைவிரல் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருக்க, இன்னொருத்தி சோறு ஊட்ட, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. கையைக் காட்டினேன்.

சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "யெஸ் சார்?"

சும்மாதான் என்றேன். காயாத நகத்தை அவசரத்தில் வெள்ளைச் சட்டையில் பதித்துவிட்டார். ஐந்து சிவப்புத் தீற்றல். தோழிகளும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். வேலை செய்யும் வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்று 2003இல் இங்கே விதி போட்டுவிட்டார்கள். வாரம் ஒரு நாள்தான் வெளியே. அந்த ஒரு நாளிலும் போய் எழுப்பி நிற்க வைத்துவிட்டேன். அப்புறம் ஞாயிறுகளில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

உட்லண்ட்ஸ் அம்மா (சிங்கப்பூர்):

எங்கள் வீட்டில் நான்கு வருடம் இருந்தவளின் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பாலிக்பயான் பெட்டி என்றால் தெரியும்தானே? ஆளுயரத்தில் பாதி வரும் அட்டைப்பெட்டி, ஊருக்குக் கப்பலில் போவது. எங்கள் வீடமைப்புக் கழக வீட்டில் ஷெல்டர் அறைதான் (குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கட்டிய, ஜன்னலில்லாத சிறு அறை) அவளுக்கு. அதில் பாதி இடத்தைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிரப்புவாள். சோப்பு, டின் இறைச்சி, துண்டு, நான் தூக்கிப்போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில்கள்கூட.

ஒருநாள் லக்கி பிளாசா கடைவளாகத்தில் மகனுக்கு ஷூ வாங்கினாள். கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள், முடிச்சுப் போட்டது. பையனின் கால் அளவு. போன பெட்டிக்கு அவள் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய அளவாம். ஷூவுக்குள் நூலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் மூடிய கண்ணோடு விரலால் ஏதோ கணக்குப் போட்டு, அதைவிட இரண்டு அளவு பெரியதை எடுத்தாள். "பெட்டி நிறைய இன்னும் மூன்று மாதம், கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல். கால் நிற்காது மேடம்" என்றாள்.

என் மகனுக்கு நான் கால் அளவு பார்த்ததே இல்லை. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்ப்பதுதான்.

ராம்நாடு பக்காலா (முன்பு குவைத்):

அக்கா, நீங்கள் எழுதியது நல்ல கதைதான். ஆனால் லக்கி பிளாசாவுக்குப் போக முடிந்தவளின் கதை. நான் 2009இல் பக்காலாவில், அதாவது மளிகைக்கடையில், டெலிவரி பையன். வில்லாவின் பின்பக்கச் சமையலறைக் கதவு வரைதான் எங்களுக்கு அனுமதி. உள்ளே வேலை செய்யும் பெண்களின் பாஸ்போர்ட்டும் போனும் முதலாளியிடம் இருக்கும். வெளியே வந்தால் ஓடிப்போனாள் என்று கேஸ். 2015இல்தான் அங்கே வீட்டு வேலைக்கென்று சட்டம் வந்தது, வார விடுமுறையெல்லாம் அதில்தான். நான் சொல்வது அதற்கு முன்பு.

ஒரு வீட்டில் பிலிப்பினோ பணிப்பெண் ஒருத்தி காலி பால் கிரேட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கீழே மடித்த ஒரு தினார், அதற்குள் டிஷ்யூ பேப்பரில் பேனாவால் ஒரு நம்பர், +63இல் தொடங்குவது, பிலிப்பைன்ஸ் நம்பர். "கால். ஹஸ்பெண்ட்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், கதவு மூடிவிட்டது. அவள் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரம் போனபோது வேறொரு பெண் கதவைத் திறந்தாள்.

விவரம்வேலு (சிங்கப்பூர்):

உட்லண்ட்ஸ் அம்மா, ஷெல்டரில் படுக்க வைப்பதைப் பெருமையாக எழுதாதீர்கள். காற்றோட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடமும் ஒருவர் இருந்தார், நன்றாகவே இருந்தார், அவ்வளவுதான் என் அனுபவம். புதிதாக ஆள் எடுக்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கி வைக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். வார ஓய்வுநாள் 2013 ஜனவரி முதல் கட்டாயம். பணம் கொடுத்து ஈடுகட்டுவேன் என்பார்கள், 2023இலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது பணத்துக்கு மாற்றவே முடியாது. ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொன்னால் கிரில் பூட்டியிருக்க வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மாடியிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு, அதனால்தான் அந்த விதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு, மறக்காமல் கூட்டிப்போங்கள். 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகை உங்கள் தலையில் இருக்கிறது. சம்பளம் கொடுத்ததற்கு ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்குங்கள். முதல் சில மாதச் சம்பளம் ஏஜெண்ட் கடனுக்கே போய்விடும், அந்த நாட்களில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று குறை சொல்லாதீர்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா:

நான் ஆள் எடுப்பதைப் பற்றிக் கேட்கவே இல்லை ஐயா. ஃபேன் இருந்தது, கதவை எப்போதும் திறந்துதான் வைப்போம். ஆனால் கர்ப்பப் பரிசோதனையை இவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள். முதல் தடவை கூட்டிப்போனபோது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வரும் வழியில் பஸ்ஸிலும்தான்.

மட்டக்களப்பு மகள்:

என்ர அம்மாவும் ரியாத்தில் வீட்டு வேலைதான், 2008இல் போனவ. அதே வீட்டில் ஒரு பிலிப்பீன்ஸ் பெண்ணும் இருந்தா. சரியான பொறாமை எனக்கு எண்டு அம்மா சொல்லுவா. வேலை ஒண்டுதான், ஆனால் பிலிப்பீன்ஸ் அரசு 2006இலேயே மாதம் 400 அமெரிக்க டொலருக்குக் குறைய ஆளை அனுப்ப மாட்டம் எண்டு சொல்லிப்போட்டுது. எல்லா வீட்டிலும் குடுத்தினமோ எண்டால் இல்லை, அந்த வீட்டில் குடுத்தவை. அம்மாவுக்கு அதில் பாதியும் இல்லை. பிள்ளைகளுக்கு இங்கிலீஸ் சொல்லிக்குடுக்கிறது அவ, கக்கூஸ் கழுவுறது அம்மா.

ஒருநாள் இரவு அந்தப் பெண்தான் அம்மாவின் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, குசினி நிலத்தில் இருந்து, ஒவ்வொரு வரியாய் விரல் வைத்து வாசிச்சாவாம். அரபியும் இங்கிலீசுமாய்க் கிடந்த கடதாசி. அம்மா வாசிக்காமலே ஒப்பம் வைச்சது. ஒரு இடத்தில் விரல் நிண்டுட்டுதாம். இரண்டு வருசம் எண்டு ஏஜென்சி சொன்னது, கடதாசியில் மூன்று. அவ ஒண்டும் சொல்லாமல் மூன்று விரலைக் காட்டினவ. அம்மாவுக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

வேலு அண்ணை, விதி எல்லாம் சரி. அதை வாசிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்.

கத்தரிவெயில்:

ராம்நாடு அண்ணே, அந்த நம்பருக்கு அழைத்தீர்களா?

ராம்நாடு பக்காலா:

மூன்றாம் நாள்தான். பயம். ஃபோன் கார்டு வாங்கி, சாலையோரக் கேபினில் நின்று அழைத்தேன். ஒரு ஆண் எடுத்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, என் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. "குவைத், குவைத்" என்றேன். அவர் ஒரு பெயரைச் சொன்னார். அவள் பெயராக இருக்கும், எனக்குத் தெரியாதே. ஆமாம் என்றேன். உடனே யாரையோ கூப்பிட்டார். ஒரு சின்னப் பிள்ளை வந்து ஃபோனில் "மாமா? மாமா?" என்றது. அவர்கள் பாஷையில் அது அம்மா. கார்டில் காசு தீரும் வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.