ஃபோக் ஹாரர்: நாட்டுப்புறத் திகிலா, வேறு சொல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் மூன்று பழைய பிரிட்டிஷ் படங்களைத் திரையிடுகிறோம்: ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ (1968), ‘த ப்ளட் ஆன் சேட்டன்ஸ் க்ளா’ (1971), ‘தி விக்கர் மேன்’ (1973). கையேடு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒதுக்குப்புறக் கிராமமும் அதன் நம்பிக்கைகளும் பயமுறுத்தும் இந்த வகைக்கு ஃபோக் ஹாரர் என்று பெயர். நான் “நாட்டுப்புறத் திகில்” என்று எழுதி வைத்திருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். சரிதானே?

*

தம்பி, சரியில்லை.

“நாட்டுப்புறம்” நகரத்தில் உட்கார்ந்துகொண்டு வெளியே கைகாட்டுகிறவன் சொல். “நாட்டுப்புறத்தான்” என்று யாரையாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் துறையின் பெயரே நாட்டார் வழக்காற்றியல்தான். முதல் பாதி “நாட்டார்” என்றே இருக்கட்டும்.

இரண்டாம் பாதியும் எனக்கு உறுத்துகிறது. துப்பறியும் தொடர், மர்மக்கதை, சஸ்பென்ஸ் எல்லாவற்றுக்கும் “திகில்” போட்டு வார இதழ்கள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் கொடுத்த “அச்சம்” இருக்கிறதே: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” ஆகவே நாட்டாரச்சம். ஒரே சொல்லாக நிற்கிறது, செப்பமாகவும் இருக்கிறது.

*

> ஆகவே நாட்டாரச்சம்.

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நாட்டாரச்சம் என்று படித்ததும் நாட்டார் யாருக்கோ அஞ்சுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இந்தப் படங்களில் அவர்கள் அஞ்சுவதே இல்லை. சிக்கலே அங்கேதான்.

‘விக்கர் மேன்’ கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். காணாமல்போன ஒரு சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு வந்த போலீஸ்காரர் ஹோவி, குச்சியால் முடைந்த பெரிய மனித உருவத்துக்குள் அடைபட்டிருக்கிறார். ஆடும் கோழியும் கூடவே. தீ மூட்டியாகிவிட்டது. உள்ளேயிருந்து அவர் “கர்த்தர் என் மேய்ப்பர்” என்று 23-ஆம் சங்கீதத்தைக் கத்துகிறார். வெளியே தீவு மக்கள் கைகோத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் அசைந்து, “வேனில் வந்தது” என்று இடைக்கால ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார்கள். ஒருவர் முகத்திலும் வெறி இல்லை, வெறுப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவர்களைப் போல நிற்கிறார்கள். உருவத்தின் தலை எரிந்து விழ, பின்னால் கடலில் சூரியன் இறங்குகிறது. படம் முடிகிறது.

இங்கே பேய் எங்கே வந்தது? அந்தக் காட்சியில் இருட்டுகூட இல்லை. படத்தில் பெரும்பாலும் பகல் வெளிச்சம், பூத்த மரம். (அந்தப் பூவும் பொய். மே மாதக் கதையை 1972 இலையுதிர்காலத்தில் எடுத்தார்கள், மொட்டை மரங்களில் செயற்கைப் பூவை ஒட்டிவைத்து.) ஹோவியைக் கொல்வது ஓர் ஊர். அதுவும் ஒருமனதாக. தொல்காப்பியர் பட்டியலில் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) நான்கும் உண்டு, ஊர் இல்லை. கொன்றை வேந்தனில் இருக்கிறது: “ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்.” ஹோவியின் கதையை நான்கே சொல்லில் முடித்துவிட்டார் ஔவையார்.

அதனால் என் முன்மொழிவு: ஊர்த்திகில்.

இந்தக் குழுவில் போன வருடம் யாரோ “தொன்மத் திகில்” என்று சொன்னதாக நினைவு. அது கூடவே கூடாது. அந்தத் தீவின் சமயம் தொன்மையானதே அல்ல. பிரபு சமரைல் (கிறிஸ்டோபர் லீ) தன் வாயாலேயே ஹோவியிடம் சொல்லிவிடுகிறார். 1868-இல் அவருடைய தாத்தா அந்தத் தரிசுத் தீவை வாங்குகிறார். வேளாண் அறிவியல் படித்தவர். புதுரக ஆப்பிள் நட்டு, குடிகளை வேலையில் மூட்டுவதற்காகப் பழைய கடவுள்களைத் திரும்பக் கொண்டுவருகிறார். நூறு வருடத்தைச் சற்றே தாண்டிய “மரபு”, அதுவும் பண்ணையார் தயாரிப்பு. மரபின் வயது இந்தப் படத்துக்குப் பொருட்டே இல்லை. எல்லோரும் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள் என்பதுதான் பொருட்டு.

‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ இன்னும் நேரடி. 1640-களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிழக்கு இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்க் கூலி வாங்கிக்கொண்டு சூனியக்காரிகளைக் “கண்டுபிடித்த” மேத்யூ ஹாப்கின்ஸ் உண்மையில் வாழ்ந்தவர். படத்தில் வின்சென்ட் பிரைஸ் நடித்தார். அமானுஷ்யம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. லாவெனம் சந்தைத் திடலில் ஒரு பெண்ணை ஏணியில் கட்டி அப்படியே நெருப்பில் இறக்குகிறார்கள். (இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்குதான் வழக்கம், எரித்தல் சினிமாவுக்காக.) எனக்கு அந்த நெருப்பை விட அதற்கு அப்புறம் வருவதுதான் மனத்தில் தங்கியது. கூட்டம் கலைந்த பிறகு பிள்ளைகள் அந்தச் சாம்பலில் உருளைக்கிழங்கு சுடுகிறார்கள். இயக்குநர் மைக்கேல் ரீவ்ஸ் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஹாப்கின்ஸ் வெளியூர்க்காரன், நாளைக்குப் போய்விடுவான். சூனியக்காரி என்று பெயர் கொடுத்தவர்களும் கிழங்கு தின்னும் பிள்ளைகளும் அங்கேயேதான் இருப்பார்கள். படம் வந்த மறுவருடம் ரீவ்ஸ் இறந்துபோனார், வயது 25.

பேய் உள்ள படம் மூன்றில் ஒன்றுதான், ‘சேட்டன்ஸ் க்ளா’. உழவன் ஏரோட்டும்போது மண்ணிலிருந்து ஒரு மண்டையோடு கிளம்புகிறது, ஒரு கண் இன்னும் அப்படியே. ஆனால் அந்தப் பிசாசுக்குச் சொந்த உடம்பு கிடையாது. கிராமத்து இளசுகளின் தோலில் ஆங்காங்கே ரோமத் திட்டு முளைக்கிறது, அதை அறுத்தெடுத்துச் சேர்த்துத்தான் அது உருவாக வேண்டும். ஊரே தன் சதையைத் துண்டு துண்டாகக் கொடுத்துக் கட்டி எழுப்புகிற பிசாசு. இதற்கு மேல் சான்று வேண்டுமா?

ஆங்கிலச் சொல்லின் வரலாறும் நமக்குக் கைகொடுக்கும். ‘சேட்டன்ஸ் க்ளா’ படப்பிடிப்பு நடக்கும்போதே, 1970-இல், ஒரு திரைத்தொழில் இதழ் அதை ஃபோக் ஹாரர் என்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. பல்லாண்டு கழித்து இயக்குநர் பியர்ஸ் ஹாகர்டு ஒரு பேட்டியில் அதே சொல்லைத் தன் படத்துக்குச் சொன்னார். 2010-இல் பிபிசி தொடர் ஒன்றில் நடிகர் மார்க் கேட்டிஸ் இந்த மூன்று படங்களையும் ஒரு கட்டாகக் கட்டிய பிறகுதான் சொல் ஊரெங்கும் பரவியது. அதாவது, படம் எடுத்த மூவரும் ஒரு “வகை”யில் எடுக்கிறோம் என்று நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. சொல் வந்துதான் வகையை உண்டாக்கியது. ஃபோக்லோர் (நாட்டார் வழக்காறு) என்பதும் அப்படித்தான். “மக்கள் தொல்பொருள்” என்று இழுத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, வில்லியம் தாம்ஸ் 1846-இல் சாக்சன் (பழைய ஆங்கிலச்) சொல் இரண்டை ஒட்டி உண்டாக்கினார். நாமும் இரண்டு சொல்லைத்தான் ஒட்டப்போகிறோம், இதில் தயங்க என்ன இருக்கிறது?

“ஐம்பது வருடம் கழித்தும் ஏன் பார்க்கிறார்கள்?” என்று கையேட்டில் ஒரு பத்தி கட்டாயம் வரும், தம்பி. நிலக்காட்சி, பழமை ஏக்கம் என்று எழுதிவிடாதீர்கள். ரப்பர் முகமூடிப் பேய் பத்து வருடத்தில் சிரிப்பாகிவிடும், புன்னகைக்கும் அண்டை வீட்டுக்காரர் ஆகமாட்டார். என் அனுபவத்தையும் சொல்கிறேன். முதல்முறை ‘விக்கர் மேன்’ பார்த்தபோது ஹோவியை எனக்குப் பிடிக்கவே இல்லை. அதட்டல் பேர்வழி, எதைப் பார்த்தாலும் முகம் சுளிப்பவர். தீவுக்காரர்களோ நல்ல மனிதர்கள், பாட்டும் பிரமாதம். மதுக்கடைப் பாட்டுக்கு நான் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அதே வாய்கள்தான் நெருப்பைச் சுற்றிப் பாடின. அதுவரை நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பது அந்தக் குறுகுறுப்புதான் என்பது என் கட்சி.

*

> அதனால் என் முன்மொழிவு: ஊர்த்திகில்.

அண்ணே, கருத்து சரி, இரண்டு முள் குத்துகிறது.

ஒன்று, ஒற்று. நம் ஆட்கள் அச்சில் முதலில் விடுவது அதைத்தான். விட்டால் “ஊர்திகில்”. ஒருவர் “ஊர்தி” என்று தொடங்கிப் பேருந்து ஏறிவிடுவார். இலக்கணம் தெரிந்தவர் வினைத்தொகையாகக் கொண்டு “ஊர்ந்து வருகிற திகில்” என்று பொருள் சொல்வார். (அதுவும் மோசமில்லை!)

இரண்டு, ஊரே இல்லாத படங்களை எங்கே வைப்பீர்கள்? 1974-இல் பிபிசிக்காக ஆலன் கிளார்க் எடுத்த ‘பெண்டாஸ் ஃபென்’ படத்தை எல்லோரும் இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள். அதில் மால்வெர்ன் மலைச்சரிவில் ஒரு பையனுக்குத் தரிசனங்கள் வருகின்றன, பழைய மெர்சியா அரசன் பெண்டா உட்பட. ஊர் அவனை ஒன்றும் செய்வதில்லை. மார்க் ஜென்கின் எடுத்த ‘எனிஸ் மென்’ (2022) இன்னும் மோசம். கார்ன்வால் கடலோரத் தீவில் ஒருத்தி தனியாகப் பூ எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஊர் எங்கே?

*

முதல் முள்ளுக்குப் பதில் எளிது. ஊரால் விளையும் திகில், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஊர்க்காவல், ஊர்ப்பகை போல வல்லெழுத்து மிகத்தான் வேண்டும். அச்சகத்தாரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவதற்கு என்னிடம் அரைப் பதில்தான். ‘எனிஸ் மென்’ படத்தில் ஊர் செத்துப்போய் மண்ணுக்குள் கிடக்கிறது, சுரங்கத் தொழிலாளிகளும் பாடும் பெண்களும் அவள் கண்ணுக்கு வருகிறார்கள். இழுத்துப் பிடித்தால் உள்ளே வரும். ‘பெண்டாஸ் ஃபென்’ வராது. அங்கே பேசுவது நிலம், ஆங்கிலப் பெயரும் அதற்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அதை “நிலத்திகில்” என்று தனியாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இந்தக் கையேட்டுக்கு அது தேவையில்லை. உங்கள் மூன்று படத்துக்கும் ஊர்த்திகில் குறையில்லாமல் பொருந்தும்.

இன்னொன்று. ‘விக்கர் மேன்’ பெயரைப் “பிரம்பு மனிதன்” என்று போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பிரம்பு அந்த நாட்டில் விளைவதில்லை, அவர்கள் கூடை முடைவது வில்லோ வளாரில். மனிதனும் அல்ல, உருவம். “முடைபாவை” என்று வைத்துப் பாருங்கள்.

*

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. ஊர்த்திகில், முடைபாவை இரண்டையும் போட்டு மெய்ப்பு எடுத்துவிட்டேன். “த்” தப்பவில்லை, மூன்று முறை பார்த்தேன். நிலத்திகிலை எடுத்து வைத்திருக்கிறேன்.

சங்கச் செயலாளர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: “ஊர்த்திகில் சரி. எந்த ஊர்?”

அடிக்குறிப்பு ஒன்று போட்டுவிடவா?