கைபேசிக்குள் அடங்காத ஒன்றாம் வகுப்பு

உசிலம்பட்டி பக்கம், அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை:

கொரோனா ஊரடங்கில் ஆசிரியர்கள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்கள் என்று இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடும் பொறுமை எனக்கில்லை. ஒன்றாம் வகுப்பைக் கைபேசியில் நடத்திய கதையை மட்டும் சொல்கிறேன்.

சிக்னல் கிடைக்காததுதான் பெரிய தொல்லை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் அது இரண்டாவது தொல்லை. வீட்டிலிருப்பது ஒரே கைபேசி. அது அப்பாவின் சட்டைப் பையில் கட்டட வேலைக்குப் போய்விடும். இரவு அவர் திரும்பும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். ஆகவே வாட்ஸ்அப் குழுவில் என் பாடம் சோற்றுத் தட்டுக்கும் பாய்க்கும் இடையில்தான் நடந்தது.

வீட்டுப்பாடம் படமாக வரும். 'அ' அழகாகவே இருக்கும். நேர்கோட்டை முதலில் இழுத்துவிட்டுச் சுழியைப் பிறகு கொண்டுபோய் ஒட்டியிருக்கிறான் என்பது படத்தில் எப்படித் தெரியும்? வகுப்பறை என்றால் பின்னால் நின்று கையைப் பிடித்து எழுதவைத்திருப்பேன். சில படங்களில் அக்காவின் கையெழுத்து வேறு. அதை மட்டும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ழகரம் இதைவிட மோசம். நாக்கு எங்கே மடிகிறது என்பதைப் பிள்ளை என் வாயைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். குரல் பதிவில் வாய் ஏது?

சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்த நாள்கள்தான் எனக்கு உண்மையான வகுப்பு நாள்கள். கூடவே வந்த பிள்ளைகளை வேப்பமரத்தடியில் தள்ளித்தள்ளி உட்காரவைத்து மணலில் எழுதச் சொல்வேன். யாராவது கேட்டிருந்தால் சண்டைதான் போட்டிருப்பேன்.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள், ஒன்றாம் வகுப்பின் வாசலையே மிதிக்காமல். பாடநூலை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சில் பிடிப்பதிலிருந்து தொடங்கினேன்.

அவனியாபுரத்திலிருந்து ஒரு தாய்:

என் மகள் எல்.கே.ஜி. படித்தது முழுக்கத் திரையில்தான். வகுப்பு முடியும் வரை மைக்கை அணைப்பதும் திறப்பதும் என் வேலை; சமையல் அதற்குப் பிறகு. பள்ளி திறந்த அன்று ஆசிரியையைக் கண்டதும் அவள் கேட்டது: "மிஸ்ஸுக்குக் காலெல்லாம் இருக்கிறதா?"

மேலூர் பக்கம், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்:

ஊரடங்கில் விடுபட்ட படிப்பைத் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே சொல்லிக்கொடுக்க, 2021 அக்டோபரில் முதல்வர் தொடங்கிவைத்த திட்டம் இது. மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாகவே உட்காரும். கல்வித் தொலைக்காட்சியை ஒழுங்காகப் பார்த்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆனால் சந்தேகம் கேட்டால் தொலைக்காட்சி நின்று பதில் சொல்லாதே.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். விரலோ வேறு வரியில் இருந்தது. எழுத்துக் கூட்டவே தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார் என்றால் மறுநாள் வரமாட்டான். அதனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தேன். முந்தின நாளே நான் அவனுக்குப் பாடம் நடத்திவிடுவேன். அதை வாங்கிப் போய் அவன் வாத்தியார் தோரணையில் நடத்துவான். அப்படித்தான் படிக்கப் பழகினான். இரண்டு மாதத்தில் அவன் வயதுப் பையன்கள் இன்னும் சிலர் அந்த வேலையைக் கேட்டு வந்தார்கள். எல்லோரையும் சேர்த்துக்கொண்டேன்.