ஜூனியர் உலகப் போட்டி, பெண்கள் 200 மீ: 24.60-ல் நேரம் எங்கே போகுது?

லேன்_இரண்டு (கேள்வி):
வணக்கம். நான் பயிற்சி கொடுக்கிற வீராங்கனைக்கு 18 வயசு. 100 மீட்டர் 11.80, 200 மீட்டர் 24.60. ரெண்டுமே எலக்ட்ரானிக் டைமிங். 20 வயதுக்கு உட்பட்டோர் சர்வதேசப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கு. 11.80-ஐ ரெண்டால பெருக்கினா 23.60 வருது, அப்போ முழுசா ஒரு செகண்ட் எங்கயோ போகுது. ஸ்டாமினா பத்தலன்னு சிலர் சொல்றாங்க, வளைவு ஓடத் தெரியலன்னு சிலர். எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னொண்ணு, 2018-ல ஃபின்லாந்தின் டாம்பெரேல நடந்த ஜூனியர் உலகப் போட்டில ஹிமா தாஸ் பின்னாடி இருந்து வந்து ஜெயிச்சாங்களே, அது மாதிரி வளைவுல அடக்கி ஓடிட்டு கடைசில பிடிக்கலாமா?

ஸ்டாப்வாட்ச்:
முதலில் அளந்துவிடுங்கள், பிறகு பேசலாம். 200 மீட்டரைப் பாதி பாதியாகப் பிரித்து 100-ல் நேரம் எடுப்பது பலரும் செய்கிற தவறு. வழக்கமான 36.5 மீட்டர் ஆரமுள்ள டிராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர்தான். அதாவது எந்த லேனில் ஓடினாலும் வளைவு 115.61 மீட்டர். 100 மீட்டர் பந்தயத்தின் ஸ்டார்ட் கோடு நேர்ப்பகுதியின் பின்நீட்சியில் இருக்கிறது, 200 ஓடுகிறவர் அதைத் தொடுவதே இல்லை.

ஃபினிஷ் கோட்டிலிருந்து டேப் பிடித்து 84.39 மீட்டரில் ஒரு கூம்பு வையுங்கள். அதற்கு நேர் எதிரே, டிராக்குக்குச் செங்குத்தாக நின்று மொபைலில் நொடிக்கு 60 ஃப்ரேமில் வீடியோ எடுங்கள். துப்பாக்கிச் சத்தம் பதிவாகும் ஃப்ரேமிலிருந்து, உடற்பகுதி கூம்பைக் கடக்கும் ஃப்ரேம் வரை எண்ணி 60-ஆல் வகுங்கள். தலையோ கையோ கணக்கில்லை. துப்பாக்கி தூரத்தில் இருந்தால் சத்தம் தாமதமாக வந்து சேரும், 34 மீட்டருக்கு 0.1 செகண்ட் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் வளைவு நேரம் பொய்யாக நன்றாகத் தெரியும்.

24.60-ல் வளைவு 14.0 அல்லது அதற்குக் குறைவாக வந்தால், வளைவு பரவாயில்லை, நேர்ப்பகுதியில் கரைகிறார்: வேகத் தாங்குதிறன் குறைவு. 14.2-க்கு மேல் போனால் குறை வளைவில்தான். இவரைப் போன்ற ஒருவர் 23.90 ஓடினால் ஏறத்தாழ 13.85-ம் 10.05-ம் என்று பிரியும்.

அப்புறம், இரட்டிப்பை விட முழு செகண்ட் அதிகம் என்பது பெரிய இடைவெளிதான். அதே டாம்பெரேயில் ஜமைக்காவின் 16 வயது பிரியானா வில்லியம்ஸ் 100-ஐ 11.16-லும் 200-ஐ 22.50-லும் வென்றார். இரட்டிப்பைவிட 0.18 மட்டுமே கூடுதல். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது, ஆனால் 0.4 வரை கொண்டுவரலாம்.

உள்கோடு:
ஹிமா தாஸ் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இந்தத் தப்பான பாடத்தைப் பலர் எடுத்துக்கிறாங்க. அது 400 மீட்டர், 51.46. 400-ல கடைசி 100-ல யாருமே வேகம் கூட்டுறதில்ல, எல்லாரும் தளர்றாங்க. குறைவாத் தளர்றவங்க பாய்ஞ்சு வர்ற மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியும். 200-லயும் இதேதான். 2021 நைரோபி ஜூனியர் உலகப் போட்டி 200-ல நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமா பின்னாடி இருந்து வந்து 21.84-ல ஜெயிச்சாங்க, ஆனா அது வளைவுல அடக்கி வச்சு எடுத்த வெற்றி இல்ல, நேர்ப்பகுதில மத்தவங்களை விட வேகத்தைத் தக்கவச்ச வெற்றி. 200-ல உச்ச வேகம் 50-லிருந்து 70 மீட்டருக்குள்ள வந்துடும், அதாவது வளைவுலயே. அங்க அடக்கினா அந்த வேகம் பிறகு கிடைக்கவே கிடைக்காது.

தயவுசெஞ்சு அடக்கி ஓடச் சொல்லாதீங்க. தாடையும் தோளும் தளர்வா இருக்கணும், அவ்வளவுதான்.

லேன்_இரண்டு:
நன்றி. சத்தத்துக்கான திருத்தமும் போட்டு அளந்தாச்சு. வளைவு 14.32, நேர்ப்பகுதி 10.28. வீடியோல பார்த்தா லேனுக்கு நடுவுலயே ஓடுறாங்க.

ஸ்டாப்வாட்ச்:
அப்படியென்றால் குறை எதுவென்று தெரிந்துவிட்டது. லேன் அகலம் 1.22 மீட்டர். உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் பாதையில்தான் தூரம் அளக்கப்படுகிறது (முதல் லேனில் கெர்ப் எனும் உள்விளிம்புத் தடுப்பிலிருந்து 30). அதைவிட 30 சென்டிமீட்டர் வெளியே ஓடினால் முதல் லேனில் வளைவு முழுக்க 0.94 மீட்டர் கூடுகிறது, அதுவே கிட்டத்தட்ட 0.1 செகண்ட். பயிற்சியே கூட்டாமல் திரும்பப் பெறக்கூடிய 0.1 இது.

பிளாக்கை (ஸ்டார்ட்டில் கால் ஊன்றும் கட்டையை) லேன் நடுவில் வைக்காதீர்கள். வெளிக்கோட்டுப் பக்கம் தள்ளி, உள்கோட்டைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டின் திசையில் திருப்பி வையுங்கள். அப்போது முதல் சில அடிகளை நேராக ஓடலாம். பிளாக் சாய்ந்திருப்பதால் இடது கை ஸ்டார்ட் கோட்டிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் பின்னால் வர வேண்டும். இரண்டு கையையும் கோட்டை ஒட்டி வைத்தால் தோள் இடுப்போடு முறுக்கிக்கொள்ளும், முதல் அடியிலேயே வலது பக்கம் தள்ளாடுவார்.

சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும், இடுப்பை மடித்து அல்ல. நொடிக்கு 9.2 மீட்டர் வேகத்தில் முதல் லேனில் 13 டிகிரி, எட்டாவது லேனில் 11 டிகிரி அளவு உடம்பு தானாகச் சாயும். தலையை மட்டும் உள்ளே சாய்ப்பவர்களுக்கு இடது காலில் அழுத்தம் கூடி, அந்த அடி தரையில் நீண்ட நேரம் நிற்கும்.

உள்கோடு:
வாரத்துக்கு ஒரு நாள் பிளாக்ல இருந்து வளைவுல 60 மீட்டர், 4 அல்லது 5 தடவை, நடுவுல 6 நிமிஷம் ஓய்வு. பாதியாவது முதல், ரெண்டாவது லேன்ல ஓடணும். அரையிறுதியிலருந்து முந்தைய சுற்று முடிவை வச்சுத்தான் லேன் தருவாங்க, 200-ல நல்ல இடம் 5, 6, 7. ஹீட்ஸ்ல (முதல் சுற்றுல) குலுக்கல், உள்லேன் வந்தா அழக்கூடாது. இன்னொரு நாள், வளைவுக்குள்ள 60 மீட்டர், வெளியே நேர்ப்பகுதில 60 மீட்டர்னு 120 மீட்டர், 3 தடவை, 8 நிமிஷம் ஓய்வு. வளைவு முடியற இடத்துல திடீர்னு நிமிர்றாங்களான்னு அங்க பாருங்க. சாய்வு ரெண்டு மூணு அடில மெதுவா விடுபடணும். கடைசிக் கடினமான பயிற்சி போட்டிக்கு 8–10 நாள் முன்னாடியே முடிஞ்சிடணும்.

கோடு ஒட்டி ஓடச் சொல்றப்ப விதியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க. வளைவுல இடது கோட்டை ஒரே ஒரு தடவை மிதிச்சா மன்னிப்பு உண்டு. ரெண்டாவது தடவை தகுதி நீக்கம். ஹீட்ஸ்ல மிதிச்சது அரையிறுதிக்கும் இறுதிக்கும் தொடர்ந்து வரும்! அதனால ஹீட்ஸ் முடிஞ்சதும் அறிவிப்புத் தாள்ல அவங்க பேருக்கு எதிர்ல குறிப்பு இருக்கான்னு பார்த்துட்டு, இருந்தா அடுத்த சுற்றுல கோட்டுக்கும் காலுக்கும் நடுவுல 10 சென்டிமீட்டர் கூடுதலா விடச் சொல்லுங்க.

ஸ்டாப்வாட்ச்:
காற்று அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். 200-ல் முதல் வீராங்கனை நேர்ப்பகுதிக்குள் நுழைந்த பிறகுதான் 10 செகண்ட் அளக்கிறார்கள், வளைவில் அடித்த காற்று அந்த எண்ணில் இல்லை. நேர்ப்பகுதியில் முதுகுக்காற்று என்றால் வளைவின் தொடக்கத்தில் எதிர்க்காற்றுதான் இருந்திருக்கும். பயிற்சியில் 14.32 குறைகிறதா என்று பார்க்கும்போதும் காற்றில்லாத நேரத்தில், அதே லேனில், அதே ஸ்பைக்ஸில் ஓடவிட்டு அளங்கள்.