நாளைக்கு என்ன செய்யணும், இன்னைக்கு எப்படிப் போச்சுன்னு தினமும் நோட்டுல எழுதுறது பிள்ளைங்களுக்கு உதவுதா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

செங்காங் அம்மா:

நம்ம சிங்கப்பூர்ல பிரைமரி 1, 2ல பரீட்சையே இல்லன்னு 2019லேர்ந்து ஆயிடுச்சு, நல்ல விஷயம்தான், ஆனா பிரைமரி 3 (பி3) வந்ததும் சயின்ஸ் புதுசா ஆரம்பிக்குது, விளையாட்டு, கலைன்னு பாடத்துக்கு வெளியில செய்ற சிசிஏ வருது, மார்க்குல சேர்ற வெயிட்டட் அசெஸ்மெண்ட் வருது, எல்லாம் ஒரே நேரத்துல பிள்ள தலைமேல வந்து விழுது. என் பையன் கேள்வி கேட்டா டக்குன்னு பதில் சொல்றவன். ஆனா ஸ்பெல்லிங் எந்த நாள்னு தெரியாது, வொர்க்‌ஷீட் பேக் அடியில கசங்கிக் கிடக்கும், ஒரு வேலைய எடுத்து உட்கார வைக்கறதுக்குள்ள பாதி சாயங்காலம் போயிடும். வீட்டுல பெரியவங்க சோம்பேறின்னு சொன்னாங்க, எனக்கு மனசு கேக்கல.

அப்பதான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் பத்திப் படிச்சேன். சொல்ற விஷயத்த மனசுல நிறுத்திக்கிட்டே வேலை செய்றது, கை போற பக்கம் போகாம தன்னை அடக்கிக்கிறது, போட்ட திட்டம் சரிப்படலன்னா மாத்தி யோசிக்கிறது, இந்த மூணும்தான் அதுக்கு அடிப்படை. ஹார்வர்ட்ல குழந்தை வளர்ச்சிக்குன்னு இருக்கற மையம் 2011ல போட்ட அறிக்கையில இத விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோட ஒப்பிட்டிருக்காங்க, நம்ம சாங்கி ஏர்போர்ட்ல எத்தனையோ விமானம் ஏறி இறங்குறப்ப ஒண்ணோட ஒண்ணு மோதாமப் பாத்துக்குற மாதிரி. மூளையோட முன்பகுதிதான் இதுல பெரிய வேலை செய்யுது, அது முழுசா முதிர்ச்சி ஆக இருபது வயசு தாண்டி இன்னும் சில வருஷம் ஆகுமாம். ஒம்பது வயசுப் பிள்ளகிட்ட நாம எவ்ளோ எதிர்பாக்குறோம் பாருங்க.

பாப்புலர் புத்தகக் கடையில ஒரு சாதா நோட்டு வாங்கினேன். ராத்திரி சாப்பிட்டதும் இடது பக்கம் "நாளைக்கு", வலது பக்கம் "இன்னைக்கு எப்படிப் போச்சு". நாளைக்குன்னா "ஹோம்வொர்க் செய்வேன்"னு எழுதினா எடுபடல. "ஸ்டூடண்ட் கேர்லேர்ந்து (ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்கள பாத்துக்கற இடம்) வந்து ஷூ கழட்டினதும் ஸ்பெல்லிங் ஃபைல எடுத்து டேபிள்ல வைப்பேன்"னு எது நடந்ததும் எத செய்யணும்னு எழுதினாத்தான் நடக்குது. பீட்டர் கோல்விட்ஸர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1999லயே இதப் பத்தி எழுதியிருக்காரு, எப்போ எங்க எப்படின்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சா அந்த நேரம் வந்ததும் கை தானா வேலைய ஆரம்பிக்கும்னு. இன்னொண்ணு, ஒவ்வொரு வேலைக்கும் எவ்ளோ நேரம் ஆகும்னு அவனே எழுதணும். மேத்ஸ் வொர்க்‌ஷீட்டுக்கு 10 நிமிஷம்னு எழுதினான், 35 ஆச்சு. நான் வாய தொறக்கல. அடுத்த தடவ 30ன்னு எழுதிட்டு கூடவே "நடுவுல தண்ணி குடிக்கப் போனேன்"னு சின்னதா எழுதியிருந்தான். தன்னோட நேரம் எங்க போகுதுன்னு அவனே கண்டுபிடிச்சத பாத்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

வேற யாராவது இப்படிச் செய்றீங்களா? எந்த வயசுல ஆரம்பிச்சீங்க, பிள்ள எழுத மாட்டேன்னா என்ன பண்றீங்க?

ஈசூன் அப்பா:

எங்க வீட்டுல மக பி5, அடுத்த வருஷம் பிரைமரி முடிக்கறப்ப எழுதுற பிஎஸ்எல்இ பரீட்சை. அவளுக்கு எழுதுறதுன்னா அலர்ஜி. அதனால நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து என் நோட்டயும் எடுத்து பக்கத்துல உட்கார்ந்துக்குவேன், அவ நாலு வரி நான் நாலு வரி. என் நோட்டுல "நாளைக்கு கேஸ் பில் கட்டணும், மறந்துடுவேன், அதனால ஃபோன்ல அலாரம்"னு பாத்துட்டு, அப்பாவும் மறப்பாரான்னு கேட்டா, அன்னைலேர்ந்துதான் அவளே நோட்ட எடுக்குறா.

எங்களுக்கு ரொம்ப உதவினது "இது நடக்கலன்னா" அப்படிங்கற ஒரு வரி. என் மகளுக்கு திட்டம் மாறினாலே கோவம் வந்துடும், நெட்பால் கேன்சல்னு சொன்னா அன்னைக்கு பூரா ஒண்ணும் ஓடாது. இப்ப முந்தின நாளே "மழை பெஞ்சு பிராக்டிஸ் இல்லன்னா லைப்ரரி போயி புக் மாத்திட்டு வருவேன்"னு எழுதி வைக்கிறா. இங்க மழை எப்ப கொட்டும்னு யாருக்குத் தெரியும், அந்த ஒரு வரி எங்க வீட்டு சாயங்காலத்தையே காப்பாத்துது. கோவம் இன்னும் வருது, ஆனா சீக்கிரம் அடங்குது.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். அவ கேக்காம அவ நோட்ட நான் தொறக்கறதில்ல. அவளே காட்டினாப் பாப்பேன்.

பிடோக் டீச்சரம்மா:

நான் பல வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்தவ, இப்ப பேரப் பிள்ளைங்கள பாத்துக்கறேன். அன்போட ஒண்ணு சொல்றேன், இந்த நோட்டுல சிவப்பு பேனா படவே கூடாது. எழுத்துப் பிழைய வட்டம் போட்ட அடுத்த நிமிஷம் அது கட்டுரை நோட்டா மாறிடும், பிள்ள டீச்சருக்குப் பிடிக்கற மாதிரி எழுத ஆரம்பிச்சிடும், "இன்னைக்கு மகிழ்ச்சியான நாள்"னு எழுதி மூடி வச்சிடும். எந்த மொழின்னும் கட்டாயப்படுத்தாதீங்க. நம்ம பிள்ளைங்க பாதிப்பேருக்கு வேலைக்கணக்கு இங்கிலீஷ்லதான் ஓடுது, கோவமும் பாசமும் தமிழ்ல வருது, ரெண்டும் கலந்து எழுதட்டும். நானும் ஆசைப்பட்டேன் பேரன் தமிழ்ல எழுதணும்னு, ஆனா தமிழ வளக்க வேற நேரம் இருக்கு.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைங்களுக்கும் முடியும். அமெரிக்காவுல மிச்சிகன்ல 1962ல பெரி பிரீஸ்கூல்னு தொடங்கினாங்க, அங்கேர்ந்து வளந்த ஹைஸ்கோப் முறையில மூணு நாலு வயசுப் பிள்ளைங்களே விளையாடறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறோம்னு சொல்லணும், செஞ்சு முடிச்சதும் எப்படிப் போச்சுன்னு திரும்பச் சொல்லணும். கிண்டர்கார்டன் ரெண்டாவது வருஷம் (கே2) படிக்கற என் பேத்தி படமா வரையுறா. பிளாக் அடுக்கற படம், பக்கத்துல அது விழுந்த படம், அதுக்குப் பக்கத்துல அடியில பெரிய பிளாக் வச்ச படம். வேற என்ன வேணும்.

உட்லண்ட்ஸ் அம்மா:

எல்லாரும் நல்லா சொல்றீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. என் மகனுக்கு ஏடிஹெச்டி, கவனத்த ஒரு இடத்துல நிறுத்தறதே கஷ்டம். நோட்டு மட்டும் அவனுக்குப் போதல. நோட்ட மூடினா அதுல இருக்கறது அவன் கண்ணுலேர்ந்தும் போயிடுது, மனசுலேர்ந்தும் போயிடுது. டாக்டரும் தெரபிஸ்டும் சொன்னபடி அவன் எழுதின வரியையே ஸ்டிக்கி நோட்டுல போட்டு கதவுல ஒட்டுறோம், ஓடுற டைமர கண் முன்னாடி வைக்கிறோம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலைதான் எழுதுறோம். அவன் ஒண்ண முடிச்சு டிக் போடறப்ப முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க. பக்கத்து வீட்டுப் பிள்ள ஒரு பக்கம் எழுதுதேன்னு தயவுசெஞ்சு ஒப்பிடாதீங்க. ரொம்ப நாளா திணறுற பிள்ளைன்னா நோட்டோட நிறுத்தாம ஸ்கூல் கவுன்சலர்கிட்ட பேசுங்க.

செங்காங் அம்மா:

உட்லண்ட்ஸ் சிஸ், நல்ல வேளை சொன்னீங்க, கதவுல ஒட்டுறத நாளைக்கே செஞ்சு பாக்குறேன். டீச்சரம்மா, சிவப்பு பேனா விஷயத்த என் வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டேன், சரின்னுட்டாரு.

அடேல் டயமண்ட், கேத்லீன் லீன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011ல எழுதின கட்டுரையில ஒண்ணு இருக்கு, நான் முதல்ல சொன்ன எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் திறமையெல்லாம் திரும்பத் திரும்ப செஞ்சாத்தான் வளருது, அதோட கொஞ்சம் கொஞ்சமா கஷ்டத்த கூட்டிக்கிட்டே போகணும். அதனால அடுத்த டெர்ம்லேர்ந்து ஒரு நாளைக்கு பதிலா ஒரு வாரத்துக்குத் திட்டம் போட வைக்கலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு மளிகை வாங்கப் போறதுக்கு லிஸ்ட் போடற வேலையையும் அவன்கிட்டயே விட்டுட்டேன், போன வாரம் கறிவேப்பிலைய விட்டுட்டான், வாங்காமத்தான் வந்தோம். ஈசூன் அண்ணே, உங்க மக பி5ல வாரத் திட்டம் போடறாளா, பிஎஸ்எல்இ வருஷத்துக்கு எப்படி வச்சிக்கப் போறீங்க? கொஞ்சம் விவரமா எழுதுங்க.