அயர்லாந்து டர்ஃப்: வெட்டுவதும் காயவைப்பதும்

அயர்லாந்துச் சதுப்பு நிலங்களில் வெட்டி எடுக்கும் கரிமண் கட்டிதான் டர்ஃப். கிராமத்து வீடுகளில் அடுப்பெரித்தது அதுதான். வெட்டும் கருவியின் பெயர் ஷ்லான்: நீளக் காம்பு, ஒடுங்கிய தகடு, தகட்டின் ஒரு விளிம்பில் செங்குத்தாக நிற்கும் சிறகு. ஒரே குத்தில் கட்டியின் இரண்டு பக்கம் அறுபடும். மற்றவை முந்தின வெட்டிலேயே திறந்திருக்கும். முதலில் மேல் புல்தோலைச் சீவி, பழைய குழியின் அடியில் புல் மேலே பார்க்கும்படி பரப்ப வேண்டும். அங்கே மறுபடி செடி பிடிக்கும். வெட்டுவது ஏப்ரல், மே மாதங்களில். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் உறைபனி கெடுத்துவிடும்: கட்டிக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும், கட்டி உதிர்ந்து தூளாகும்.

*

வெட்டுவதைவிடக் காயவைப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும் என்பேன். பச்சைக் கட்டியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தரையில் பரப்பி, மேல்தோல் இறுகும்வரை விடுவார்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் ஒடியாமல் வர வேண்டும், அதுதான் பதம். பிறகு ஐந்தாறு கட்டிகளைத் தலை சாய்த்து ஒன்றோடொன்று நிறுத்தி, உச்சியில் ஒன்றைக் குறுக்கே வைப்பார்கள். இடைவெளி முக்கியம், ஏனென்றால் அந்த ஊரில் வெயிலை நம்ப முடியாது, காற்றுதான் காயவைக்கும். பதம் வருமுன் நிறுத்தினால் கட்டி வளைந்து சரியும். தாமதித்தால் இடையில் புல் முளைத்துக்கொள்ளும், அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை, முதுகு விட்டுப்போகும். குழந்தைகளும் சேர்ந்துதான் செய்வார்கள்.

*

எந்த ஆழத்தில் வெட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். மேலடுக்குப் பழுப்புக் கட்டி லேசானது, சட்டென்று பற்றி சீக்கிரம் தீரும். அடியில் வரும் கறுப்புக் கட்டி காயும்போது நன்றாகச் சுருங்கி இறுகும். தணல் நெடுநேரம் நிற்கும். இரவில் அந்தத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் கிளறி அதிலேயே தீ மூட்டுவார்கள்.

வீட்டருகே அடுக்கும்போது வெளிவரிசைக் கட்டிகள் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். இப்போது பெரும்பாலும் இயந்திர வெட்டுதான். 2022 அக்டோபர் 31 முதல் கடைகளிலும் இணையத்திலும் டர்ஃப் விற்கத் தடை. வெட்டும் உரிமை உள்ளவர்கள் சொந்த அடுப்புக்கு வெட்டிக்கொள்ளலாம்.