ரேஸ் யாட்ல 20 பேருக்கு சமைக்கணும், போனவங்க யாராவது சொல்லுங்களேன்

உப்புக்காத்து:
வணக்கம் மக்களே. நான் இங்கிலாந்துல வேலை பாக்குறேன், உலகம் சுத்துற பாய்மரப் படகு ரேஸ்ல ஒரே ஒரு லெக் (ஒரு துறைமுகத்துல இருந்து இன்னொன்னு வரைக்கும் ஒரு கட்டம்) க்ரூவா போறேன். 70 அடி படகு, கிட்டத்தட்ட 20 பேர், நாலு வாரம் கரையே கண்ல படாது. பாய் ஏத்துறது, கயித்த இழுக்குற விஞ்ச் சுத்துறது எல்லாம் ட்ரெயினிங்ல ஓரளவு பழகிருச்சு. ஆனா முறை வச்சு ரெண்டு ரெண்டு பேரா ஒரு நாள் முழுக்க சமையல் பாக்கணும், மதர் வாட்ச்னு பேரு, அதான் வயித்தக் கலக்குது. ட்ரெயினிங்ல ஒரு நாள் உள்ள இறங்கி வெங்காயம் நறுக்குனேன், பத்தே நிமிஷத்துல வாந்தி. சாதம் குழம்புன்னு ஏதாவது பண்ண முடியுமா? பெரிய ரேஸ் வீடியோல எல்லாம் பாக்கெட்ல சுடுதண்ணிய ஊத்தி சாப்பிட்டுட்டுப் போயிடுறாங்களே, நமக்கு மட்டும் ஏன் இந்த சமையல்?

வாடைக்காத்து:
ரெண்டு லெக் போயிருக்கேன், அதனால தைரியமா சொல்றேன். வாந்தி பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும், அதுவரைக்கும் உள்ள குனிஞ்சு காய் நறுக்காதீங்க, கரையிலயே சமைச்சு எடுத்துட்டு வந்தத சூடு பண்ணிக் குடுங்க போதும்.

நீங்க பயப்பட வேண்டியது கொதிக்கிற தண்ணிக்கு. அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு எப்படி சாஞ்சாலும் அது மட்டமா நிக்கும், பாத்திரம் நகராம ரெண்டு பக்கமும் கம்பி புடிச்சுக்கும். ஆனா நீங்க நிக்கிற தரை சாஞ்சுதானே இருக்கு? பாத்திரத்த அடுப்புல இருந்து தூக்குறீங்க பாருங்க, அப்பதான் ஆபத்து. என்கூட டூட்டில இருந்தவர் பாஸ்தா வடிக்கும்போது ஒரு அலை தூக்கிப் போட்டுச்சு, பாதித் தண்ணி தொடைல கொட்டிருச்சு. மேல டெக்குக்குப் போடுற மழை பேண்ட்டும் பூட்ஸும் போட்டிருந்தார், அதனால தோல் தப்பிச்சுது. உள்ள வேர்த்து ஊத்தும், பரவால்ல, அடுப்புகிட்ட இருக்குறவரைக்கும் அதக் கழட்டாதீங்க. டீ ஊத்தும்போது கப்பக் கைல புடிக்கவே கூடாது, சிங்க்குள்ள வச்சு பாதி பாதி ஊத்துங்க. சாப்பாடும் தட்டுல இல்ல, ஆழமான கிண்ணத்துலதான்.

அப்புறம் கேஸ். ஒவ்வொரு தடவ அடுப்ப அணைச்சதும் வால்வையும் மூடிரணும், எல்பிஜி காத்த விட கனம், படகுல கசிஞ்சா வெளிய போக வழியில்லாம படகோட அடிப்பள்ளத்துல, அதான் பில்ஜ்ல, போய்த் தேங்கிரும், அப்புறம் ஒரு பொறி போதும்.

சாதம் தாராளமா பண்ணலாம், குக்கர் இருந்தா ரொம்ப நல்லது, மூடி பூட்டிக்கும், கவுந்தாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். பாத்திரத்த கடல்தண்ணில கழுவுங்க. இன்னொன்னு, டின் எல்லாத்துலயும் பேப்பர் லேபிள பிச்சிட்டு மார்க்கர்ல எழுதிருங்க, ஈரத்துல லேபிள் உரிஞ்சு பில்ஜ்ல தண்ணி எறைக்குற பம்ப்ப அடைக்கும், அதோட எது தக்காளி எது பீன்ஸ்னே தெரியாமப் போயிரும்.

ராத்திரி 4 மணி நேரம் டெக், 4 மணி நேரம் படுக்கை, அதுவும் இன்னொருத்தர் இப்பதான் எந்திரிச்சுப் போன சூட்டோட இருக்குற படுக்கைன்னு ஓடுற எடத்துல, மதர் வாட்ச் முடிச்சவங்களுக்கு மட்டும் முழு ராத்திரி தூக்கம். அதுக்காகவே எல்லாரும் அந்த நாளுக்குக் காத்திருப்பாங்க.

பாய்மரம்:
பாக்கெட் சாப்பாடு பத்திக் கேட்டீங்கல்ல, எல்லாம் எடைதாங்க. 2023ல ஓஷன் ரேஸ்ல, அதான் ப்ரொஃபஷனல் ஆளுங்க உலகம் சுத்துற பெரிய ரேஸ், கேப் டவுன்ல இருந்து பிரேசில் இட்டாஜாய் வரைக்கும் ஒரே லெக்கு, 12,750 நாட்டிக்கல் மைல், ஜெயிச்ச மலீட்சியா (Malizia) டீம் படகுக்கே அஞ்சு வாரம் ஆச்சு. ஒரு படகுல நாலு மாலுமி, ஒரு ரிப்போர்ட்டர். அத்தன நாளுக்கு அரிசி காய்னு ஏத்தினா படகு பறக்குமா? அதான் ஈரத்த மொத்தமா எடுத்த ஃப்ரீஸ் ட்ரை சாப்பாடு, தண்ணிய அங்கயே வாட்டர்மேக்கர் கடல்ல இருந்து எடுத்துக்குது. அடுப்புன்னா தண்ணி கொதிக்க வைக்க மட்டும்தான். நாளுக்கு ஒரு பைன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, இன்னைக்கு சாக்லேட்ட காலையிலயே தின்னுட்டா நாளைக்குதான் அடுத்தது. உங்க ரேஸ்ல அமெச்சூர் ஆளுங்க, படகும் எல்லாருக்கும் ஒரே மாதிரி, அதனால நெஜ சோறு கிடைக்குது. எனக்கு சாய்ஸ் குடுத்தா நான் உங்க படகுலதான் ஏறுவேன்.

நங்கூரம்:
சமையல்னா ரேஸ்ல ஓரமா உக்காந்திருக்குற வேலைன்னு மட்டும் நினைக்காதீங்க ப்ளீஸ். ட்ரேசி எட்வர்ட்ஸ் 1985-86 விட்பிரெட் ரேஸ்ல (ஓஷன் ரேஸோட பழைய பேரு) அட்லாண்டிக் பிரைவட்டீர் படகுல குக்கா ஏறினவங்க. அடுத்த ரேஸ்ல, 1989-90ல, மெய்டன்ற படகுல முழுக்க பொண்ணுங்களே க்ரூ, இவங்க ஸ்கிப்பர், அதான் கேப்டன். அவங்க பிரிவுல ரெண்டு லெக் ஜெயிச்சாங்க, எல்லா லெக்கும் சேத்து அந்தப் பிரிவுல ரெண்டாவது எடம். அதுக்கு முன்னாடி முழுப் பெண்கள் க்ரூ அந்த ரேஸ்ல போனதே கிடையாது.

உப்புக்காத்து:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ட்ரேசி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அதப் படிச்சதும் ஒரு தெம்பு வந்துச்சு. வாடைக்காத்து அண்ணா, கடைசியா ஒன்னு, சாம்பார் தாளிக்கலாமா?

வாடைக்காத்து:
வேணாம்மா. சூடான எண்ணெய் அங்க ஆகவே ஆகாது, அந்த வாடைக்கு பக்கத்துப் படுக்கைல சீசிக்ல கெடக்குறவங்க இன்னும் சுருண்டுருவாங்க. வீட்டுலயே புளிக்காய்ச்சல் நல்லா வத்த வச்சு, மேல எண்ணெய் மிதக்குற மாதிரி எடுத்துட்டுப் போங்க, கண்ணாடி பாட்டில் கூடாது, திருகு மூடி பிளாஸ்டிக் டப்பா. கூட பருப்புப் பொடி, இஞ்சி முரப்பா. வெறும் சாதத்துல கெளறிக் குடுத்தேன், பாஸ்தா தின்னே சலிச்சுப் போன ஒரு அயர்லாந்துக்காரர் மூணு தடவ கிண்ணத்த நீட்டினார். லெக் ஆஸ்திரேலியாவுலயோ நியூசிலாந்துலயோ முடியுதுன்னா கரை சேர்றதுக்குள்ள மிச்சத்தத் தீத்துருங்க, அங்க சாப்பாட்டு சாமான் செக்கிங் ரொம்ப கறார்.