லண்டனில் அபா நிகழ்ச்சி: நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன், அம்மாவுக்கு முழங்கால் வலி. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. கல்லூரி நாட்களில் தோழி ஒருத்தி பதிந்து கொடுத்த கேசட்டில் அபா என்ற ஸ்வீடன் நாட்டு நால்வர் பாப் குழுவைக் கேட்டவர், இன்று வரை விடவில்லை. அந்தக் காலத்தில் அவர் "அபா" என்று ஆரம்பித்தாலே தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தாத்தா திரும்பிப் பார்ப்பாராம்.

ஜூனில் லண்டன் ‘அபா வாயேஜ்’ நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் சிக்கல்கள் வரிசையாகத் தெரிகின்றன.

ஒன்று, ‘டான்ஸ் ஃப்ளோர்’ என்றால் நாற்காலியே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. இரண்டு, இன்னும் விசா விண்ணப்பிக்கவில்லை. அம்மா கணக்கில் பென்ஷன் மட்டும்தான் வருகிறது. இருப்பு குறைவாகத் தெரியுமே என்று நேற்று என் கணக்கிலிருந்து 4 லட்சம் போட்டேன். மூன்று, அந்த நால்வரும் மேடைக்கு வருவதே இல்லை என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சுருதிப்பெட்டி

நண்பர் சொன்னது சரி. அவர்கள் வரமாட்டார்கள். பெரிய திரை ஒன்றில் 1979 வாக்கில் இருந்த தோற்றத்தில் டிஜிட்டல் உருவங்கள் ஆடும், பாடும். குரல் பழைய ஒலிப்பதிவுதான். இதற்கு லண்டன் வரை செலவு செய்ய வேண்டுமா என்று யோசியுங்கள். எனக்கு மனம் வராது.

கிண்டிவாசி

முதலில் அந்த 4 லட்சம். திடீரென்று கணக்கில் ஏறும் பெரிய தொகைதான் விசா அதிகாரியின் கண்ணில் முதலில் படும். எங்கிருந்து வந்தது என்று விளக்கம் இல்லாவிட்டால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடலாம். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. போட்டது போட்டதுதான், திரும்ப எடுத்து மறைக்கப் பார்க்காதீர்கள், அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். செலவை நீங்கள்தான் ஏற்கிறீர்கள் என்று கடிதம் எழுதி, அதிலேயே இந்தத் தொகையையும் சொல்லிவிடுங்கள். உங்களுடைய ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, அம்மாதான் என்பதற்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ், இவை போதும்.

அம்மா திரும்பி வருவார் என்பதையும் காட்ட வேண்டும். பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரம் போன்றவை. தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் கொடுக்க வேண்டும். சொத்து வரி ரசீதை அப்படியே கொண்டுபோய் நின்றவர்கள் உண்டு (அடியேன்தான்).

பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு சாதாரணமாக 3 வாரத்துக்குள் முடிவு வரும். விமான டிக்கெட், ஓட்டல் பதிவு இரண்டும் விண்ணப்பத்தோடு அனுப்பத் தேவையே இல்லை. அதனால் விசா கைக்கு வரும்வரை அவற்றில் பணம் போடாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

நான் இஞ்ச பக்கத்தில்தான் இருக்கிறன், இரண்டு தரம் பார்த்தாச்சு. சுருதிப்பெட்டி அண்ணை சொன்னதில் பாதிதான் சரி. குரல் பழையது, ஆனால் மேடையில் பத்துப் பேர் கொண்ட வாத்தியக் குழு நேரடியாகவே வாசிக்குது. டிரம்ஸ் அடி நெஞ்சில் விழும். அந்த உருவங்களும் சும்மா வரைந்த பொம்மைகள் இல்லை. நால்வரும் எழுபதைத் தொட்ட, தாண்டிய வயதில் ஸ்டாக்ஹோமில் ஐந்து வாரம், அசைவுகளைப் பதியிற உடுப்பைப் போட்டுக்கொண்டு 160 கமராக்களுக்கு முன்னால் பாடி ஆடினவை. அந்த அசைவுகளை வைத்துத்தான் செய்திருக்கினம். 2022 மே மாதம் தொடக்க இரவில் நால்வரும் வந்து மேடையில் நின்றவை. அதுக்குப் பிறகு அப்படி எதிர்பார்க்க ஏலாது.

டிக்கெட் விஷயம்: அந்த அரங்கில் 3,000 பேர் வரை கொள்ளும், அதில் பெரும் பகுதிக்குக் கதிரைகள் உண்டு. நீங்கள் எடுத்த இடத்துக்கே மெயில் போட்டு, முழங்கால் கதையை ஒளிக்காமல் எழுதி, படி ஏறாத வரிசையாகக் கேளுங்கோ. நிகழ்ச்சி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகும், இடைவேளை இல்லை. அதோடு வாசலில் நிற்கும் நேரமும் இருக்கு. அம்மாவை நிற்க வைக்காதேயுங்கோ.

எத்தனை மணிக் காட்சி எடுத்தனீங்கள்?

காவிரிக்கரை

மாலை 7.45. லண்டன் போய்ச் சேர்ந்த மறுநாள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

ஐயோ. கோடையில் நமக்கும் உங்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். 7.45 என்றால் அம்மாவின் உடம்புக்கு இரவு 12.15. நித்திரை தூங்கி விழுவா. வார இறுதியில் பின்னேரம் ஆகமுதலே ஒரு காட்சி இருக்கும், அதுக்கு மாற்றப் பாருங்கோ.

அரங்கு புட்டிங் மில் லேன் டிஎல்ஆர் (இலகு ரயில்) நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம். டிஎல்ஆர் நிலையங்கள் எல்லாத்திலும் படியில்லாமல் ஏறி இறங்கலாம். நடக்கவும் ஏலும், ஆனால் முழங்காலுக்கு எதுக்கு?

சுருதிப்பெட்டி

சரி, வாத்தியக் குழு இருப்பது எனக்குத் தெரியாது. இருந்தாலும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே போய் ஏமாந்தால்தான் வருத்தம் அதிகம்.

காவிரிக்கரை (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் மாற்றம் ஆனது. இடம் இருந்ததால் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு ஞாயிறு மதியக் காட்சிக்கு, நாற்காலியோடு கொடுத்தார்கள். தொகை கொஞ்சம் கடித்தது. கிண்டிவாசி சொன்னபடி 4 லட்சத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினேன். நேற்று விசா வந்துவிட்டது.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லத்தான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னதும், "கேசட்டுக்குள் மட்டும் நேரிலா வந்து உட்கார்ந்திருந்தார்கள்?" என்று கேட்டுவிட்டு இட்லிக்கு அரைக்கப் போய்விட்டார். அப்புறம் திரும்பி வந்து, அவர்களுக்கு இப்போது எத்தனை வயது என்று கேட்டார். அக்னெதா 1950இல் பிறந்தவர், மற்ற மூவரும் அவருக்கு மூத்தவர்கள் என்றேன். "அப்போ என்னைவிடப் பெரியவர்கள்தானே, நிற்கச் சொன்னால் கால் வலிக்காதா" என்றார்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். காட்சிக்குள் செல்போனில் படம் எடுக்கலாமா? அப்புறம், அம்மா வெளியூரில் இரண்டு வேளைக்கு மேல் ரொட்டி சாப்பிடமாட்டார்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

படம் எடுக்க விடமாட்டினம், உள்ளே போகும்போதே சொல்லிப்போடுவினம். சாப்பாட்டுக்கு யோசிக்காதேயுங்கோ. ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து நிலத்தடி ரயிலின் ஜூபிலி லைனில் ஒரு நிறுத்தம் வெஸ்ட் ஹாம், அங்க டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் ஈஸ்ட் ஹாம். வெளியில் வந்து ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தால் இட்லி, தோசை, இடியப்பம் எல்லாம் இருக்கு. இடியப்பத்துக்குச் சொதி கேட்டு வாங்குங்கோ, சாம்பாரோடு தந்துவிடப் போகினம்.